முன்மடல் காயம்: திமிருமில்லை, சோம்பலுமில்லை

மூளையின் முன்மடலைப் பற்றிக் கேட்டால் "சிந்திக்கும் பகுதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பரீட்சைக்கு அது போதலாம். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர் வீட்டில் இருந்தால் போதாது.

முன்மடலின் பின் ஓரத்தில், காதுப் பக்கமிருந்து உச்சந்தலை வரை ஓடும் பட்டை உடலை அசைப்பதற்கானது. இடப்பக்கப் பட்டை வலப்பக்கத்தை இயக்கும். கைக்கும் முகத்துக்கும் அதில் தாராளமாக இடம். காலுக்கான இடமோ மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள பிளவுக்குள் இறங்கிவிடுகிறது. அந்தப் பக்க ரத்தக்குழாய் அடைத்தால் கால் மட்டும் தளரலாம். முகம் கோணவில்லையே, இது ஸ்ட்ரோக்காக இருக்காது என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

பேச்சு விஷயத்திலும் ஒரு தவறு உண்டு. 1861-இல் பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், "டான்" என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் சொல்ல முடியாத நோயாளியின் மூளையை ஆராய்ந்து, இட முன்மடலில் ஓரிடத்தைக் காட்டினார். அங்கே அடிபட்டால் பேச்சுதான் போகும், புரிவதெல்லாம் முழுசாகப் புரியும் என்பது பாதி உண்மை. "புலியை மான் துரத்தியது" போன்ற வாக்கியத்தில், யார் யாரைத் துரத்தினார்கள் என்று அங்கே அடிபட்டவர்கள் தடுமாறலாம்.

வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது நெற்றிக்குப் பின்னாலிருக்கும் பகுதிதான். அதன் வெளிப்பக்கம் திட்டமிடவும், ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டே அடுத்ததைச் செய்யவும் உதவுகிறது. அங்கே பழுதானால், வருஷக்கணக்காகச் சமைத்தவர் அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பின் முன் அப்படியே நிற்பார். உட்பக்கம் பாதித்தால் ஆர்வமே எழாது. சொன்னால் செய்வார், சொல்லாவிட்டால் நாள் முழுக்க நாற்காலியிலேயே இருப்பார். "சோம்பேறி ஆகிவிட்டார்" என்கிறோம். கண்ணுக்கு மேலே உள்ள அடிப்பகுதி பாதித்தால் நேர்மாறு: சாவு வீட்டில் ஜோக் அடிப்பார், கிடைத்ததை வாங்கிக் குவிப்பார், சட்டென்று கை ஓங்குவார். "திமிர்" என்கிறோம்.

இந்த அடிப்பகுதி உட்கார்ந்திருக்கும் எலும்புத்தளம் மேடுபள்ளமாக, சொரசொரப்பாக இருக்கும். பின்மண்டையில் அடிபட்டால்கூட மூளை முன்னால் போய் அதில் உரசிக் கன்றிப்போகலாம். மோப்ப நரம்பும் அங்கேதான். விபத்துக்குப் பிறகு காபி வாசனை தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருடைய நடத்தையையும் கவனியுங்கள்.

அப்புறம், முன்மடல் என்றதும் பலரும் எடுக்கும் பெயர், ஃபினியாஸ் கேஜ். 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், ரயில்பாதைக்குப் பாறை வெடிக்கும் வேலையில், 3 அடி 7 அங்குல நீளமும் சுமார் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவர் இடக் கன்னத்தில் புகுந்து உச்சி வழியாக வெளியேறியது. பிழைத்தார், குணம் மாறியது. அதோடு கதையை நிறுத்தி, வாழ்நாள் முழுக்க அவர் தறிகெட்டு அலைந்ததாக எழுதுவது எனக்கு அறவே பிடிக்காது. பின்னாளில் சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர் அவர். தினசரி ஒழுங்குள்ள வேலை ஒன்று அமைந்தால் இப்படிப்பட்டவர்கள் தேறலாம் என்பதுதான் நம் வீடுகளுக்குப் பயன்படும் பாதி.

கடைசியாக, "ஞாபகசக்தி டெஸ்ட் நார்மல், அதனால் பிரச்சினை இல்லை" என்ற தவறு. முன்மடலைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியா (மூளைத்திறன் படிப்படியாகக் குறையும் நோய்) பெரும்பாலும் 45 வயதுக்கும் 65-க்கும் இடையே தொடங்குகிறது. ஆரம்பத்தில் தேதி, பெயர், வீட்டு விலாசம் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். தன்னிடம் மாற்றம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. டாக்டரின் எதிரே கால் மணி நேரம் மரியாதையாகவும் உட்கார்ந்திருப்பார்கள். எனவே கூடப் போகிறவர் பேச வேண்டும். "ஆள் மாறிட்டார்" என்பது டாக்டருக்கு உதவாது. எப்போதிலிருந்து, என்ன செய்தார், முன்பு எப்படி இருந்தார் என்று நாலைந்து சம்பவங்களை எழுதிக் கொண்டுபோங்கள். நரம்பியல் டாக்டரிடம் முதலிலேயே அந்தத் தாளை நீட்டிவிடுங்கள்.