காட்டின் மீது ஊருக்குள்ள உரிமையை எழுதி வாங்குவது எப்படி

கோத்தகிரிக்குக் கீழே, சரிவில் இருக்கும் ஒரு குறும்பர் ஊரின் வன உரிமைக் குழுவுக்கு நான் செயலாளர். யோசனை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பட்டாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "அக்கா, எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் பட்டா கேட்கலாமா?" தாராளமாகக் கேட்கலாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பழங்குடிக் குடும்பம் பயிரிட்டு வரும் வன நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. அதற்கு ஏ படிவம். தேன், கடுக்காய், நெல்லி சேகரிக்கவும், மேய்ச்சலுக்கும், நீர்நிலைகளுக்கும் பி படிவம். காட்டைக் காக்கவும், அதில் யார் எப்போது எதை எடுப்பது என்று தீர்மானிக்கவும் ஊருக்கு அதிகாரம் தருவது சி படிவம். அதைப் பல ஊர்கள் தொடுவதே இல்லை. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டத்துக்குப் பிறகு, நம் பாட்டன்மார் நடந்த காட்டுக்குள் அனுமதி கேட்டு நுழைகிறவர்களாக ஆகிவிட்டோம். அந்த நிலையை மாற்றக்கூடிய காகிதம் சி படிவம்தான். மூன்றையும் சேர்த்தே தொடங்குங்கள்.

இந்தப் படிவங்கள் போவது கிராம சபைக்கு. அதனால் முதலில் எந்தக் கிராம சபை என்பதை முடிவு செய்யுங்கள். நீலகிரி மாவட்டத்தில் ஊராட்சிகள் 35தான். ஓர் ஊராட்சிக்குள் மலையின் இரு பக்கமும் பல ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஊராட்சி முழுவதற்குமான கூட்டத்தில், சாலைக்கும் தெருவிளக்குக்கும் நடுவே நம் காட்டைப் பேச நேரம் கிடைக்காது. பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஊர்க்காரர்களிடம் "உங்களுக்குக் கிராம சபையே கிடையாது" என்று சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். வன கிராமங்களும், பழைய குடியிருப்புகளும், அளவிடப்படாத ஊர்களும், கிராமம் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் கிராமம்தான். உங்கள் ஊரிலேயே சபையைக் கூட்ட வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் கொடுங்கள்.

சபை கூடியதும் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கினராவது பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். பெண்களைப் பெயருக்குச் சேர்க்காதீர்கள். துடைப்பம் கட்டும் ஈச்சமாறு எந்த மேட்டில் வளர்கிறது, எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கோரம் விதியும், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியும், கடுமையானது. ஊர் உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். தேன் எடுக்கும் காலத்தில் தேதி வைத்தால் ஆண்கள் பாறையில் இருப்பார்கள். கொழுந்து பறிக்கும் நாளில் வைத்தால் பெண்கள் தோட்டத்தில் இருப்பார்கள். நாளை ஊரே பேசி முடிவு செய்யட்டும்.

இனி எல்லை நடை. இதில் அவசரம் கூடாது. மேசை மேல் வரைபடத்தை விரித்து விரலால் கோடு போட்டுவிட்டு வந்தால் பாதிக் காடு கைவிட்டுப் போகும். மூத்தவர்களை முன்னே விட்டு, இளையவர் ஒருவர் ஜிபிஎஸ் கருவியோடும் இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தோடும் பின்னால் போக வேண்டும். எங்கள் ஊரில் முதலில் போன இடம் ஒரு தேன் பாறை. மேலே கொடி ஏணியைக் கட்டும் மரத்தின் அடியில், கொடி உரசி உரசி விழுந்த தழும்பு விரல் புதையும் ஆழத்துக்கு இருக்கிறது. எந்தக் குடும்பம் அந்தப் பாறையில் இறங்கும், மேலே ஏணியைக் காக்கும் மச்சான் யார், அவருக்கு முன் யார் என்று பெரியவர் ஒருவர் நின்ற இடத்திலேயே வரிசையாகச் சொன்னார். அத்தனையையும் எழுதிக்கொண்டோம். பிறகு, இறந்தவர்களுக்காக ஆற்றிலிருந்து உருண்டைக் கல் எடுத்து வந்து வைக்கும் இடம், கைவிடப்பட்ட பழைய ஊர் மேடு, ராகி விதைத்த கொத்துக்காடு என்று ஒவ்வொன்றையும் குறித்தோம். உண்ணிச்செடி புதராக மூடிக்கிடக்கும் இடங்களை, "உள்ளே போக முடியவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். வெட்டி வழி செய்துகொண்டு போங்கள். பழைய வீட்டு அடிக்கற்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பக்கத்து ஊரும் அதே காட்டைப் பயன்படுத்தினால், இரண்டு ஊர்க் குழுக்களும் கூட்டாக உட்கார்ந்து பேசி, முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். தோடர் எருமைகள் மேயும் புல்வெளி உங்கள் எல்லைக்குள் வந்தால் அவர்களையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். நம் உரிமை அவர்களுடைய வழித்தடத்தை மூடுவதாக இருந்தால் அது அநியாயம்.

அந்த நடையில் எழுதியதுதான் சான்று. சான்றுகள் ஒன்றுக்கு மேல் வேண்டும். காகிதம்தான் வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்க முடியாது. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பழைய நில அளவைப் பதிவு, வனத்துறையின் செயல்திட்டம் ஆகியவற்றோடு புதைகாடு, கோயில், கிணறு போன்றவையும், உரிமை கோராத மூத்தவர்களின் எழுத்து வாக்குமூலமும் இந்தச் சட்டத்துக்கான விதிகளில் 13-ஆம் விதியில் சான்றாகவே இடம்பெற்றுள்ளன. செயற்கைக்கோள் படம் இவற்றோடு துணைக்கு வரலாமே தவிர, இவற்றுக்குப் பதிலாக வர முடியாது. வரைபடமோ ஆவணமோ தேவைப்பட்டால் குழு எழுதிக் கேட்க வேண்டும். கேட்டால் சான்றொப்பமிட்ட நகலைக் கொடுப்பது அலுவலகத்தின் கடமை.

களச் சரிபார்ப்புக்கு வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரையும் தேதியும் போட்ட நகலை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வந்த அதிகாரிகள் பதவி, தேதி, கருத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டு, "எங்களுக்குத் தெரியாது" என்று பின்னால் ஆட்சேபித்தால், மறு சரிபார்ப்புக்கு ஒருமுறை அனுப்புவார்கள். அப்போதும் வராவிட்டால் கள விஷயத்தில் கிராம சபை சொன்னதே இறுதி. அந்த முத்திரை நகல் இல்லாவிட்டால் இந்த விதியால் உங்களுக்குப் பயன் இல்லை.

பிறகு கிராம சபை தீர்மானம் போட வேண்டும். உரிமை கோரியவர்களில் பாதிப்பேராவது அப்போது இருக்க வேண்டும். தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். தீர்மானத்தில் குறை இருப்பதாக நினைத்தால் அவர்கள் அதைச் சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள். "முதுமலை புலிகள் காப்பகம், அங்கே எப்படிக் கேட்பது?" என்று ஒரு தம்பி கேட்டார். சரணாலயமும் தேசியப் பூங்காவும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உரிமை கோரிக்கைகளை விசாரித்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கிராம சபைகள் முன் வைக்க வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 ஊர்களும் வேண்டாம் என்றன. சபையின் தீர்மானத்துக்கு அவ்வளவு கனம் உண்டு.

உரிமைப் பத்திரம் கைக்கு வந்ததும் வேலை தொடங்குகிறது. காட்டையும் விலங்குகளையும் காக்க ஒரு குழுவைச் சபை அமைத்து, மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். விளைபொருளை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைத் தருவதும் அந்தக் குழுதான். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், மேந்தா லேகா ஊருக்கு 2009-இல் காட்டின் மீதான உரிமை கிடைத்தது. ஆனால் மூங்கிலுக்கான அனுமதிச் சீட்டுப் புத்தகம் 2011-இல்தான் அவர்கள் கைக்கு வந்தது. அந்தப் புத்தகத்தை விடாமல் கேளுங்கள். தேனடையில் எவ்வளவு விடுவது, நெல்லிக் கிளையை ஒடிக்கலாமா, உண்ணிச்செடியை எந்தச் சரிவிலிருந்து அகற்றத் தொடங்குவது, விதியை மீறினால் என்ன தண்டம் என்பதையெல்லாம் திட்டத்தில் எழுதுங்கள். பத்திரத்தில் உள்ள எல்லை, வனத்துறை மற்றும் வருவாய்த் துறையின் பதிவேடுகளில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்குள் நேரில் போய்ப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அன்றே, அதே இடத்தில், எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.