தமிழுக்கும் நிரலுக்கும் ஒரே உரைத் தொகுப்பான்: தேர்ந்தெடுக்கும் முறை

வேலூர்க் கோட்டையைப் பற்றித் தமிழில் குறிப்பு எழுதவும், அதே கணினியில் பைத்தான் நிரல்மொழி பழகவும் ஒரே உரைத் தொகுப்பான் (வெறும் எழுத்துகளை மட்டும் எழுதித் திருத்தும் செயலி) போதும் என்று எண்ணும் புதியவர்களுக்கான விளக்கம் இது. செயலியை நிறுவுவதும் கோப்பைச் சேமிப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன். வேர்டு போன்ற செயலிகளை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவை நேரான மேற்கோள்குறிகளை வளைத்துவிடுவதால் பைத்தான் பிழை காட்டும்.

படி 1: இரண்டை மட்டும் நிறுவிப் பாருங்கள்

விண்டோஸில் நோட்பேட் பிளஸ் பிளஸ், விஎஸ் கோட் ஆகிய இரண்டும் போதும். 2015இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஎஸ் கோட் வசதிகள் நிறைந்தது. ஆனால் குரோமியம் உலாவியின் இயந்திரத்தையே உள்ளே வைத்துக்கொண்டு இயங்குவதால் நினைவகத்தை நிறையக் கேட்கும். எனவே, 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியை வைத்துக் காட்பாடியிலோ இராணிப்பேட்டையிலோ படிக்கும் மாணவருக்கு, 2003 முதல் இருந்துவரும் நோட்பேட் பிளஸ் பிளஸையே நான் பரிந்துரைப்பேன். லினக்ஸில் அது கிடையாது. அங்கே கீனி என்னும் தொகுப்பான் நன்று. முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) இயங்கும் விம் என்னும் தொகுப்பான் அருமையான கருவிதான் என்றாலும், அங்குள்ள சம அகலக் கட்டங்களுக்குள் தமிழ் எழுத்துகள் அடங்காமல் இடம்சுட்டி தடுமாறுவதால், தமிழ் எழுதுவோர் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

படி 2: ‘வேலூர்’ என்று தட்டச்சு செய்யுங்கள்

கண்ணுக்கு மூன்று எழுத்துகள். கோப்பிலோ வகரம், ஏகாரக் குறி, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி என ஆறு குறியீடுகள். யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தில் (எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாகப் பதியும் முறையில்) ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் பதினெட்டு பைட். பின்னழி விசையை ஒருமுறை அழுத்தியதும் புள்ளி மட்டும் அழிந்து ‘வேலூர’ என்று நின்றால் அது செயலியின் பழுதன்று. பைத்தானில் இச்சொல்லின் நீளம் 6 என்று வருவதும் இதனால்தான்.

படி 3: குறியாக்கத்தைச் சரிபாருங்கள்

என்னைப் பொறுத்தவரை தேர்வை முடிவு செய்ய வேண்டிய இடம் இதுவே. கோப்பின் குறியாக்கத்தை எப்போதும் கண்ணில் காட்டாத தொகுப்பான் எவ்வளவு அழகாக இருந்தாலும் தமிழுக்கு உதவாது. மேற்சொன்ன இரண்டும் அதைச் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் காட்டுகின்றன. அங்கே யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். ஆன்சி (விண்டோஸின் பழைய குறியாக்கம்) என்று இருக்கும் கோப்பில் தமிழை எழுதிச் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு மீட்க வழியில்லை.

நோட்பேட் பிளஸ் பிளஸின் என்கோடிங் பட்டியலில் இரண்டு தொகுதிகள் உண்டு. மேலே இருப்பவை, கோப்பில் உள்ள பைட்டுகளைத் தொடாமல் அவற்றை எந்த முறையில் படிப்பது என்பதை மட்டும் மாற்றும். ‘கன்வர்ட்’ என்று தொடங்குபவை பைட்டுகளையே மாற்றும். நல்ல தமிழ்க் கோப்பு திறக்கும்போது ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத் தெரிந்தால் மேல்தொகுதியில் உள்ள யூடிஎஃப்-8ஐச் சொடுக்க வேண்டும். அவசரத்தில் ‘கன்வர்ட்’ செய்து சேமித்தால் அந்தக் குப்பையே முறையான யூடிஎஃப்-8 ஆகப் பதிந்துவிடும். விஎஸ் கோட்டில் ‘ரீஓப்பன் வித் என்கோடிங்’, ‘சேவ் வித் என்கோடிங்’ ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடும் இதுவே. பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் இடப்படும், கண்ணுக்குத் தெரியாத குறி) சேர்ந்த யூடிஎஃப்-8 வகையைத் தவிர்த்துவிடுங்கள். லினக்ஸில் நேரடியாக இயக்கும் நிரலின் முதல் வரியை அது கெடுக்கும்.

டிடிபி கடையில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வாங்கிய பழைய கோப்புகளுக்கு மேற்சொன்ன எதுவும் பலிக்காது. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை என்பதால், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு எடுத்த பிறகே தொகுப்பானுக்குக் கொண்டுவர வேண்டும்.

பின்சேர்க்கை 1: தொகுப்பானில் எல்லாம் சரியாக இருந்தும், ஊர்ப்பெயர்க் கோப்பைப் பைத்தானில் படிக்கும்போது ‘8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை’ என்று பிழை வருவதாகக் குடியாத்தத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார். அந்தப் பைட் தமிழ்ப் புள்ளியின் கடைசிப் பைட். ஆங்கில விண்டோஸில் பைத்தானின் 3.14 வரையான பதிப்புகள் வழக்கமாகக் கையாளும் 1252 என்ற பழைய குறியாக்கத்தில் அதற்கு எழுத்தே இல்லை. ஆகவே ‘ஆம்பூர்’ உள்ள கோப்பு பிழையோடு நின்றுவிடும். புள்ளியில்லாத ‘ஆரணி’ மட்டும் இருந்தால் பிழை எதுவும் காட்டாமல் குப்பையாக உள்ளே வரும், அது இன்னும் மோசம். ஓப்பன் கட்டளையில் என்கோடிங் மதிப்பாக யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுத்தால் இரண்டும் தீரும்.

பின்சேர்க்கை 2: ‘கோட்டை’ என்று தேடினால் சில இடங்கள் அகப்படவில்லை என்றார் மற்றொருவர். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறியோடு துணைக்காலைச் சேர்த்து இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். அகப்படாத இடத்திலிருந்து ‘கோ’வை நகலெடுத்துத் தேடும் பெட்டியிலும், நீங்கள் தட்டச்சு செய்த ‘கோ’வை மாற்றும் பெட்டியிலும் இட்டு, கோப்பு முழுவதையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள், பிற ஓகார, ஒகார எழுத்துகளுக்கும் இதையே செய்ய வேண்டியிருக்கும்.