டிவி ரெக்கார்டருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கடைக்குப் போய் "டிவி ரெக்கார்டிங்குக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும்" என்று கேட்டால், இருப்பதிலேயே பெரியதையும் வேகமானதையும் எடுத்து நீட்டுவார்கள். இந்த வேலைக்கு அந்த இரண்டும் அவ்வளவு முக்கியமே இல்லை. டிவியோடு இணைத்திருக்கும் உங்கள் செட்-டாப் பெட்டி அந்த டிஸ்க்குக்குப் போதிய மின்சாரம் கொடுக்குமா, எவ்வளவு பெரிய டிஸ்க்கை ஏற்கும், எந்த ஃபார்மெட்டை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையை) படிக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டிக்கு ஏற்ற டிஸ்க்காக இருந்தால் போதும், விலை குறைந்ததே பல வருடம் ஓடும்.

சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் வீட்டில் டிஷ் வைக்க முடியாது. 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பும் நின்றுவிட்டது. அதனால் இங்கே வசந்தம் போன்ற இலவச ஒளிவழிகளைப் பதிவு செய்ய, ஆன்டெனா வழியாக டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும், யுஎஸ்பி துளை உள்ள டிவிபி-டி2 பெட்டியைத்தான் பலரும் வைத்திருக்கிறோம். பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாரு போனால் கூரைக்குக் கூரை டிஷ் நிற்கும், என் அக்கா வீட்டில் இருப்பது சாட்டிலைட் ரெக்கார்டர். அம்மா வீட்டுப் பெட்டிக்கும் அக்கா வீட்டுப் பெட்டிக்கும் டிஸ்க் பார்த்து மாட்டிக் கொடுத்தது நான்தான். இரண்டுக்கும் விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரே ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம் வரும், அதைப் பின்னால் சொல்கிறேன். இணையத்தில் மீவாட்ச்சில் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வது அம்மாவுக்குப் பழகிய வழி, அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மின்சாரம். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, யுஎஸ்பி வயர் வழியாகவே மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய அளவு 0.5 ஆம்பியர், நீல நிறத்தில் இருக்கும் 3.0 துளை என்றால் 0.9 ஆம்பியர். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் அளவில் சமாளித்துவிடும். ஆனால் நின்றிருந்த தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் ஏறத்தாழ 1 ஆம்பியர் வரை கேட்கும். அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் எல்லாச் சிக்கலும் வருகிறது. அம்மா வீட்டில் முதலில் மாட்டிய டிஸ்க், பகலில் சோதித்தபோது நன்றாகவே இருந்தது. இரவு டைமர் வைத்த நேரத்தில் பெட்டி தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டேன். சன்னமாக 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு நொடி அமைதி, மறுபடி 'டிக்'. சுழல முயன்று, போதிய மின்சாரம் கிடைக்காமல் விட்டு, மீண்டும் முயல்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டுத் தூக்கிப்போட வேண்டாம். முதலில் அதைக் கணினியில் மாட்டிப் பாருங்கள், அங்கே ஒழுங்காக ஓடினால் குறை மின்சாரத்தில்தான்.

அதனால் கடைக்குப் போகும் முன் பெட்டியின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பல பெட்டிகளில் யுஎஸ்பி துளைக்குப் பக்கத்தில் 5 வோல்ட், இத்தனை மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அப்படியே அடாப்டரில் உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால், பெட்டியும் டிஸ்க்கும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ள மொத்தமே 10 வாட்தான் இருக்கிறது, அது கொஞ்சம் இழுபறிதான். அப்படிப்பட்ட பெட்டிக்கு இரண்டு வழி. ஒன்று, தனி அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க். பெட்டியிடம் மின்சாரத்துக்குக் கையேந்தாது, ஆனால் கொஞ்சம் பருமன், கொஞ்சம் சத்தம், சுவரில் இன்னொரு பிளக் வேண்டும். இன்னொன்று, ஒரு துளையைப் பல துளையாக்கும், தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப். இது எல்லாப் பெட்டியோடும் ஒத்துப்போகாது. சில பெட்டிகள் ஹப்புக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கைக் கண்டுகொள்வதே இல்லை, சில மலிவு ஹப்புகள் பெட்டிக்குள்ளேயே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பி அதை அணைய விடாமல் செய்யும். ஹப் வாங்குவதானால் மாற்றித் தரும் கடையில் வாங்குங்கள்.

அப்புறம் கொள்ளளவு. கணக்கு போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். எச்டி ஒளிபரப்பை விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் அது 1 மெகாபைட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிகாபைட். அரை மணி நேரத் தொடர் 1.8 ஜிகாபைட், விளம்பரத்தோடு மூன்று மணி நேரம் ஓடும் தீபாவளிப் படம் 11 ஜிகாபைட்டுக்குள். 1 டெராபைட் டிஸ்க்கில் 270 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பார்த்ததை அழித்துக்கொண்டு வருகிற வீட்டில் அது நிரம்பவே நிரம்பாது. வேகத்துக்கும் இதே கணக்குதான். இரண்டு நிகழ்ச்சியைப் பதிந்துகொண்டே மூன்றாவதைப் பார்த்தாலும் விநாடிக்கு 3 மெகாபைட், பழைய யுஎஸ்பி 2.0 கூட நடைமுறையில் 30 மெகாபைட் வரை தாங்கும். ஆகவே நிமிடத்துக்கு 7200 சுற்று, அதிவேகம் என்று எழுதியிருப்பதற்காக ஒரு வெள்ளி கூட அதிகம் கொடுக்காதீர்கள். 5400 சுற்று டிஸ்க் சத்தமும் குறைவு, சூடும் குறைவு.

பெரியது வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கே ஒரு சுவர் இருக்கிறது. பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில், எம்பிஆர் என்பார்கள், 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு வைக்க முடியாது. அதைத் தாண்டுவதற்கு ஜிபிடி என்ற புதிய முறை வேண்டும், பல செட்-டாப் பெட்டிகளுக்கு அது புரியாது. 4 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் ஒன்று, "டிஸ்க் இல்லை" என்று சொல்லும், இல்லாவிட்டால் பாதியை மட்டும் காட்டும். கையேட்டில் உச்ச அளவு எழுதியிருந்தால் அதற்குள் நில்லுங்கள், எழுதவில்லை என்றால் 2 டெராபைட்டைத் தாண்டாதீர்கள்.

ஃபார்மெட்டும் இப்படித்தான். ஃபேட்32 எல்லாப் பெட்டியிலும் ஓடும், ஆனால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் அது ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நல்ல பெட்டி அந்த இடத்தில் கோப்பை வெட்டி அடுத்த துண்டைத் தொடங்கிவிடும், சில பெட்டிகள் அங்கேயே பதிவை நிறுத்திவிடும். இரவு முழுக்கப் பதிவாகியிருக்கும் என்று நம்பி மறுநாள் அம்மாவை உட்கார வைத்துப் படம் போட்டேன். இடைவேளைகூட வரவில்லை, கதை சூடு பிடிக்கும் நேரத்தில் திரை கறுப்பாகிவிட்டது. அன்று அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் ஃபார்மெட்டைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். இந்த 4 ஜிகாபைட் வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் ஃபார்மெட்டைப் பெட்டி ஏற்கும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, கணினியில் எதுவும் செய்யாமல், பெட்டியின் மெனுவிலேயே ஃபார்மெட் கொடுத்துவிடுவது. தனக்கு எது சரி என்று அதற்குத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்க்கை இதற்குத் தொடவே வேண்டாம், தனியாக ஒன்று வாங்குங்கள்.

முன்பு சொன்ன அந்த ஒரு வித்தியாசத்துக்கு வருகிறேன். கட்டணச் சாட்டிலைட் சேவைகளின் பெட்டி பதிவு செய்வதைப் பெரும்பாலும் பூட்டித்தான் எழுதும், சாவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். அக்கா வீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து கணினியில் மாட்டினால் ஒன்றும் ஓடாது, பெட்டியை மாற்றினால் பழைய பதிவுகளும் போய்விடும். அங்கே டிஸ்க்கைச் சேமிப்புக் கிடங்காக நினைக்காமல், பார்த்துவிட்டு அழிக்கும் சிலேட்டாக நினைத்து 500 ஜிகாபைட்டோ 1 டெராபைட்டோ வாங்கினால் போதும். இலவச ஒளிபரப்பைப் பதியும் சாதாரணப் பெட்டிகள் பலவற்றில் இந்தப் பூட்டு இருக்காது, ஆனால் டிவிக்குள்ளேயே ரெக்கார்டிங் வசதி இருந்தால் அநேகமாக இருக்கும்.

பென் டிரைவ் போதாதா? போதாது. நேரலையை நிறுத்திப் பார்க்கும் டைம்ஷிஃப்ட் வசதி ஓடும்போது, நீங்கள் எதையும் பதியாவிட்டாலும் பெட்டி விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் டிவி ஓடினால் 22 ஜிகாபைட், வருடத்துக்கு 8 டெராபைட். மலிவு பென் டிரைவ் அதில் சீக்கிரம் தேய்ந்துவிடும். சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி டிஸ்க் தாங்கும், சத்தமே இல்லை, சுழலும் தட்டு இல்லாததால் தொடக்கத்தில் அந்த 1 ஆம்பியர் இழுப்பும் இல்லை. மின்சாரம் குறைவான பெட்டிக்கு 500 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்று வாங்குவதுதான் என் கணக்கில் தலைவலி இல்லாத வழி. வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை கண்காணிப்பு கேமரா பதிவுக்கென்றே, நாள் முழுக்க எழுதுவதற்காகச் செய்யப்பட்டவை. 3.5 அங்குல டிஸ்க்கை உள்ளே வைத்து யுஎஸ்பியில் மாட்டும் பெட்டகம் ஒன்று கையில் இருந்தால் இவை அருமையாகப் பொருந்தும்.

சூட்டைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. கையடக்க டிஸ்க்குகளின் குறிப்பைப் பார்த்தால், சுற்றுப்புறம் 35 டிகிரி வரை என்றுதான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நம் ஊரில் மத்தியானம் வெளியிலேயே 32 டிகிரி. மூடிய டிவி அலமாரிக்குள், சூடான பெட்டியின் தலைமேல் டிஸ்க்கை வைத்தால் என்ன ஆகும்! கை வைத்துப் பாருங்கள், இரண்டு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த இடம் சரியில்லை. பக்கத்தில் தனியாக, நான்கு பக்கமும் காற்று படும்படி வையுங்கள்.

வாங்குவதற்கு சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையோடு நிற்காமல் இரண்டு மூன்று மாடி ஏறி விலை கேளுங்கள், தேக்கா பக்கம் போகிறவர்கள் முஸ்தஃபாவிலும் பார்த்துவிடலாம். உத்தரவாதம் உள்ளூருக்குச் செல்லுமா, எத்தனை ஆண்டு என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை முதலிலேயே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், அதனால் ரசீதைத் தூக்கிப்போடாதீர்கள். இணையத்தில் 16 டெராபைட் இருபது வெள்ளி என்று வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை வைத்து, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் ஏமாற்று அது.

வீட்டுக்கு வந்ததும் மூன்று சோதனை செய்யுங்கள். மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் பதிந்து, கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். பிறகு பெட்டியை ஸ்டேண்ட்பையில் விட்டு, ஓரிரு மணி நேரம் கழித்து டைமர் வையுங்கள், தூங்கும் டிஸ்க்கைப் பெட்டி எழுப்புகிறதா என்பது இதில்தான் தெரியும். எழுப்பாவிட்டால் தொடக்கம் வெட்டுப்பட்டிருக்கும், இல்லை பதிவே இருக்காது. இரண்டு நிகழ்ச்சியைப் பதியும் பெட்டி என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். டிஷ் வீடுகளில் ஒன்றைக் கவனியுங்கள், அடைமழையில் சிக்னல் விழுந்து படம் கட்டம் கட்டமாக உடைந்தால் அது டிஸ்க்கின் குற்றம் இல்லை, மழை விட்ட பிறகு சோதியுங்கள்.

கடைசியாக, படுக்கப் போகும் முன் சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. பதிவு ஓடும்போது அப்படி அணைத்தால் கோப்பு கெடும், சில சமயம் டிஸ்க் முழுவதையும் பெட்டி படிக்க மறுத்துவிடும். அம்மா வீட்டில் அந்த ஒரு சுவிட்சின் மேல் மட்டும் சிவப்பு நாடா ஒட்டி, "ரெக்கார்டிங், அணைக்க வேண்டாம்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.