முதல் இதழை மட்டும் வைத்து விமர்சனம் எழுதுவது எப்படி?

புது சூப்பர்ஹீரோயின் காமிக்ஸ் தொடரின் முதல் இதழைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தால், பாதிப் பேர் கதைச் சுருக்கத்தை எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பழகிப் பார்க்க, அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெல் 2014 பிப்ரவரியில் வெளியிட்ட 'மிஸ் மார்வெல்' முதல் இதழை எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, இரண்டு தடவை படிப்பது. ஒரு தடவை சும்மா கதைக்காக. அப்புறம் வசனத்தைக் கண்டுகொள்ளாமல் படங்களை மட்டும் பாருங்கள், முகங்களே கதை சொல்கின்றனவா என்று தெரிந்துவிடும். ஏட்ரியன் அல்ஃபோனாவின் ஓவியத்தில் சொல்கின்றன. எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சனின் பெயரோடு ஓவியர் பெயரையும், வண்ணம் தீட்டிய இயன் ஹெர்ரிங்கின் பெயரையும் முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள், பலர் இவர்களை மறந்தே போகிறார்கள்.

அடுத்து, ஒரே ஒரு காட்சியைப் பிடித்து நிதானமாக எழுதுங்கள். ஜெர்சி சிட்டியில் ஒரு கடை, கதையின் நாயகி 16 வயது கமலா கான், பாகிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண், பன்றி இறைச்சி சாண்ட்விச்சை வாங்காமல் வாசம் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆசை, வீட்டுக் கட்டுப்பாடு, தான் இங்கே வேறு மாதிரி என்ற உறுத்தல், எல்லாம் அந்த ஒரு மோப்பத்திலேயே வந்துவிடுகிறது! இதை விளக்கினாலே விமர்சனத்தில் பாதி முடிந்த மாதிரி.

சரி, குறை? வில்லன் இல்லை, சண்டை இல்லை, சக்தியே கடைசியில்தான் வருகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் பார்ட்டிக்குப் போய் அவமானப்பட்டு, மூடுபனிக்குள் உருது பேசும், தான் ஆராதிக்கும் சூப்பர்ஹீரோயின் கேப்டன் மார்வெலிடம் உங்களைப் போல ஆகணும் என்று அவள் கேட்கும்போது, ஏன் கேட்கிறாள் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் சிரித்துக்கொண்டே குத்திப் பேசும் பள்ளித் தோழி ஸோயி எங்கேயோ பார்த்த ஆள் மாதிரிதான் இருக்கிறாள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

கடைசிப் பக்கத்தை உடைக்காதீர்கள் (நானும் இங்கே சொல்லவில்லை). பின்னால் கிடைத்த பெயரையும் துணைக்கு இழுக்காதீர்கள்: இந்தத் தொடரின் முதல் தொகுப்பு 2015-இல் அறிவியல் புனைவு, மிகைபுனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியது, ஆனால் அன்று கடையில் நின்று புரட்டியவருக்கு அது தெரியாதே.

முடிவில் அடுத்த இதழை வாங்குவீர்களா என்று மட்டும் நேராகச் சொல்லுங்கள். நான் எழுதினால் இப்படி: 'சண்டை ஒன்றுகூட இல்லை, ஆனாலும் வாசம் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் அடுத்த மாதம் என்ன செய்கிறாள் என்று பார்க்க இன்னொரு 2.99 டாலர் கொடுப்பேன்.'