கேத்தலைப் பார்த்துவிட்டு மீன் தொட்டியை நிரப்புங்கள்

உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதா? கப்பி மீன் வளர்க்க நினைப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது. சவர்க்காரமே நுரைக்காத தண்ணீரில் மீன் எப்படி வாழும் என்று புதுக்குடியிருப்பில் எங்கள் குழாய்க் கிணற்றைத் திட்டிக்கொண்டு, மாரியில் பீப்பாயில் பிடித்த மழைத் தண்ணீரால் மகளின் தொட்டியை நிரப்பினேன்.

60 லீற்றர் தொட்டி, பத்துக் கப்பி. மூன்றாம் கிழமை, தண்ணீரின் அமிலத்தைக் காட்டும் பீஎச் 7இலிருந்து 6க்கு இறங்கியது. இந்த இலக்கம் குறையக் குறைய அமிலம் கூடும். மீன்கள் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன. பீஎச் கூட்டும் மருந்தை வாங்கி இரவு இரண்டு மூடி ஊற்றினேன். விடியப் பார்த்தால் 8. நான்கு மீன் மிதந்தன. தையல் வேலையில் அளவு பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம், இதில் முடியவில்லை.

நடந்தது இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். அவை வேலை செய்யும்போது அமிலமும் உண்டாகிறது. அதைத் தாங்கிக்கொள்வது தண்ணீரிலுள்ள காபனேற்று வன்மை, அதாவது கேத்தலில் சுண்ணாம்பாகப் படியும் கரைந்த உப்புகள். மழைத் தண்ணீரில் அது இல்லாததால் பீஎச் சரிந்தது. அமிலம் கூடினால் பக்டீரியாக்களும் மந்தமாகி, அமோனியா தேங்குகிறது. பீஎச் குறைவாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி தீங்கு குறைந்த வடிவில் கிடக்கும். பீஎச் ஓர் இலக்கம் ஏறினாலோ நஞ்சான பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். என் மீன்களைக் கொன்றது அந்த இரண்டு மூடிதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது காபனேற்று வன்மை பார்க்கும் சொட்டு மருந்து. ஐந்து மில்லிலீற்றர் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாகும்வரை எண்ணுங்கள். பெரும்பாலான மருந்துகளில் ஒரு சொட்டு ஒரு பாகை வன்மை. என் மழைத் தண்ணீர் முதற் சொட்டிலேயே மஞ்சளானது. கிணற்றுத் தண்ணீருக்கு ஒன்பது சொட்டு தேவைப்பட்டது. நான்குக்குக் கீழே இருந்தால் பீஎச் ஆடும் என்று எதிர்பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீரின் பீஎச்சை இறைத்தவுடன் அளக்காதீர்கள். நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். அது வெளியேறியபின் பீஎச் ஏறும். எங்கள் தண்ணீர் இறைத்தவுடன் 7.1, வாளியில் ஒரு நாள் வைத்தபின் 7.8. கப்பிக்கு அது போதும், குறைக்க ஒன்றும் செய்யவேண்டாம். குழாய் நீர் வாரியத்தின் தண்ணீர் என்றால் குளோரீன் போகவும் வாளியில் வைத்திருக்கவேண்டும்.

ஏற்கெனவே மழைத் தண்ணீர் போன்ற வன்மை குறைந்த மென்னீரால் நிரப்பிவிட்டவர்கள் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கிணறே மென்னீர் என்றால் அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றலாம். 60 லீற்றருக்கு ஒரு நாளில் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நின்று நிதானமாக வேலை செய்வது சிப்பி. முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கிய சிப்பியை உப்புப் போக நன்றாகக் கழுவி, மிஞ்சிய வலைத்துணியில் பை தைத்து வடிகட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அமிலம் கூடினால் சிப்பி கரையும், குறைந்தால் அப்படியே கிடக்கும். அழகுக்கு வைக்கும் கல்லில் ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதுவும் சுண்ணாம்புதான்.

பீஎச் அளப்பது எப்போதும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். பாசியும் செடியும் பகலில் கரியமில வாயுவை எடுப்பதால் மாலையில் இலக்கம் கூடித்தான் காட்டும்.

மழைப் பீப்பாயை நான் கவிழ்த்துவிடவில்லை. சோளகம் வீசும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, சுண்ணாம்பு தொட்டியில் நின்றுவிடும். அந்தக் குறையை மழைத் தண்ணீரால் நிரப்புகிறேன்.