வாடகை வீட்டுத் தோட்டத்து மரங்கள்: செட்டிநாட்டில் புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீடு பார்க்கப் போனால் முகப்பையும் வளவையும் (நடுமுற்றத்தோடு கூடிய உள்கட்டு) தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல்லையும் பார்த்த மயக்கத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். பின்கட்டுக் கதவைத் திறந்து தோட்டத்தைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. முதல் ஐப்பசி மழையில் வேப்பங்கிளை ஒன்று முறிந்து இரண்டாங்கட்டு ஓட்டின்மேல் விழுந்தது. "மரம் உங்களுடையது" என்றேன் நான். "குடியிருப்பது நீங்கள்" என்றார் வீட்டுக்கார ஆச்சி. இரண்டுமே உண்மை. எழுத்தில் எதுவும் இல்லாததால் ஓடு மாற்றிய செலவைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டோம். அந்த மனக்கசப்பு உங்களுக்கு வேண்டாம்.

1. அட்வான்ஸுக்கு முன்னால் தோட்டத்தைச் சுற்றுங்கள்

ஒவ்வொரு மரத்தையும் படம் எடுங்கள். ஓட்டைத் தொடும் கிளை, மின்கம்பியை ஒட்டிய கிளை, பட்டுப்போன கொம்பு, கிணற்றுக்குள் சாய்ந்த மரம் இவற்றைத் தனியாக எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அதுவே சாட்சி.

2. சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, குடியிருப்பவர் பயன்படுத்தும் தோட்டத்தைப் பராமரிப்பது குடியிருப்பவர் வேலை. கட்டடத்தின் பெரிய பழுதுகள் வீட்டுக்காரர் வேலை. நாம் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால், அவர் செய்துவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்.

அதற்காக மரத்தை வெட்டிவிட முடியாது. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குடியிருப்பவர் மரத்தை வெட்டவோ விற்கவோ கூடாது என்கிறது. தண்ணீர் ஊற்றுவது நம் கடமை, வெட்டுவது நம் உரிமை இல்லை. நடுவில் இருக்கும் கவாத்து (கிளை கழிப்பது), மரமேறிக் கூலி, காய் யாருக்கு என்பதையெல்லாம் நாமேதான் பேசி முடிக்க வேண்டும்.

3. பேசியதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

மரத்தின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது இப்படி இருக்கிறது: "தென்னை நான்கு: தண்ணீர் குடியிருப்பவர், ஏறுகூலி வீட்டுக்காரர், காய் ஆளுக்குப் பாதி. வேம்பு: சருகு கூட்டுவது குடியிருப்பவர், கிளை கழிப்பது வீட்டுக்காரர், புரட்டாசிக்குள்."

இந்த ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல வீடுகள் ஒருவருக்குச் சொந்தமில்லை, பங்காளிகள் பல பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். போனில் ஒருவர் "வெட்டிக்குங்க" என்றதும் வெட்டினால், அடுத்த வாரம் இன்னொருவர் வந்து "எங்க அப்பத்தா வச்ச மரம்" என்று கண்கலங்கி நிற்பார். அவர் வருத்தத்திலும் நியாயம் உண்டு. அதனால் எல்லாருக்காகவும் பேசுகிறவர் யார் என்று முதலிலேயே கேட்டு, அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

4. மரத்துக்கு மரம் வேலை

தென்னை: நம் செம்மண் பூமியில் கோடையில் நான்கு நாளைக்கு ஒருமுறை மரத்துக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்கு வட்டப்பாத்தி எடுத்து, மட்டையும் சருகும் போட்டு மூடினால் ஈரம் நிற்கும். குருத்தோலை விசிறி மாதிரி வெட்டுப்பட்டு விரிந்தால் காண்டாமிருக வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

வேம்பு: ஆவணி, புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கழிக்க வேண்டும். கிளையை முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, அப்புறம் மேலிருந்து அறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பட்டை உரிந்து மரம் புண்ணாகும். ஓட்டுக்கு மேலே இருக்கும் கிளையைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். நாட்டு ஓட்டில் ஆள் கால் வைத்தாலே உடையும்.

முருங்கை: காய்ப்பு முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மா, நெல்லி, கறிவேப்பிலைக்கு அவ்வளவு பாடில்லை. தண்ணீரும் சாணி எருவும் போதும்.

5. மின்கம்பிப் பக்கம் துரட்டியை நீட்டாதீர்கள்

மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். லைனை நிறுத்திக்கொடுத்த பிறகுதான் கிளையைத் தொட வேண்டும். பச்சை மரமும் இரும்புத் துரட்டியும் மின்சாரத்தைக் கடத்தும்.

6. காலி செய்யும்போது

வந்த அன்றைக்கு நின்ற அதே இடங்களில் நின்று மறுபடி படம் எடுங்கள். வீட்டுக்காரரையோ அவர் சார்பில் பேசியவரையோ தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு மரமாகக் காட்டி, அட்வான்ஸ் கணக்கை முடித்த பிறகு சாவியைக் கொடுங்கள்.