மருதமுனைத் துணியை முகநூலில் விற்கத் தொடங்குவது எப்படி?

கிழக்கிலங்கையின் நெசவூரான மருதமுனையின் தறியிலிருந்து இறங்கும் சாரத்தையோ சேலையையோ கொழும்பிலுள்ள ஒருவர் படத்தை நம்பியே வாங்குகிறார்; ஆகவே வெயில் ஏறுமுன், வாசல் வெளிச்சத்தில் துணியை விரித்து, கரையின் இழை தெரியும்படி படமெடுங்கள். நிறத்தைச் செயலியில் கூட்டாதீர்கள். பொதியைப் பிரிக்கையில் நிறம் வேறாக இருந்தால் அந்த வாடிக்கையாளர் மீண்டும் வரமாட்டார். நூல், சாயம், நெசவுக்கூலி, அனுப்பும் செலவு ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிக் கூட்டிய பின்னரே விலையை முடிவுசெய்து, நீள அகலத்துடன் பதிவிலேயே போடுங்கள்; விலையை மறைத்து உள்பெட்டிக்கு அழைப்பது நல்ல வழக்கமன்று. வாட்ஸ்அப் பிஸ்னஸில் பொருட்பட்டியலை இலவசமாக வைக்கலாம். விற்பனை ஊன்றியதும் பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். துணி விற்கும்வரை நெசவாளரின் கூலியை மட்டும் நிறுத்திவைக்காதீர்கள். அடுத்த பாவுக்கு, அதாவது தறியில் நெடுக்காகக் கட்டும் இழைக்கு, அவர் நூல் வாங்குவது அந்தப் பணத்தில்தான்.